வாயைத் திற! ஊர் கேட்கட்டும்!

விடை உனக்குத் தெரிந்திருந்தது.

அந்த அறையில் உனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. இருந்தும் வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் இருந்தவன் அரைகுறையாக எதையோ சொன்னான். பாராட்டு அவனுக்குப் போனது.

ஏன் பேசவில்லை?

"பேசினா எங்க ஊர்ப் பேச்சு வந்துரும். சிரிப்பாங்க."

இதுதானே காரணம்? பள்ளி முடித்து பெட்டியோடு பட்டணம் வந்து இறங்கிய நாளிலிருந்து இதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறாய்?

இன்னும் எத்தனை வருடம் சொல்லப்போகிறாய்?

சிரிப்பார்கள். அதை மறுக்க நான் வரவில்லை.

கோயம்புத்தூர்ப் பையன் பேச்சுக்குப் பேச்சு 'ங்க' போட்டால் சிரிக்கிறார்கள். திருநெல்வேலிக்காரன் 'ஏலே' என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் அன்றைக்கெல்லாம் அதுதான் பேச்சு. நாகர்கோவில் பெண் விடுதியில் தோழியை 'மக்கா' என்று கூப்பிட்டால், மறுநாளிலிருந்து அவள் பெயரே மக்கா.

மதுரைக்காரன் 'வந்தாய்ங்க, போனாய்ங்க' என்றால் 'அருவா எங்கடா?' என்று கேட்கிறார்கள். வடசென்னைப் பையன் 'இன்னா' என்று ஆரம்பித்தால் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார்கள்.

பழத்தைப் 'பளம்' என்றாலும் சிரிப்பு. 'பயம்' என்றாலும் சிரிப்பு.

வேலை தேடிப் போன இடத்தில் இதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். எம்.டி.ஐ. மதர் டங் இன்ஃப்ளுயன்ஸ். கால் சென்டர் வாய்ஸ் பிராசஸுக்கு ஆள் எடுக்கும் அறைகளில் ஒருநாளாவது உட்கார்ந்தவர்களுக்கு இந்த மூன்று எழுத்து தெரியும். 'எம்.டி.ஐ. அதிகம்' என்று குறித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள்.

உன் தாய் உனக்குக் கொடுத்ததைக் குறை என்ற கட்டத்துக்குள் எழுதுகிறார்கள்!

கோபம் வருகிறதா? வரட்டும். வர வேண்டும்.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதும் இல்லை. அமெரிக்காவில் ஜான் பா என்ற கறுப்பின மொழியியலாளர் வாடகை வீடு கேட்டுத் தொலைபேசியில் பேசினார். ஒரே ஆள். ஒரே கோரிக்கை. ஒரு தடவை படித்த வெள்ளையர் பேசும் ஆங்கிலத்தில் கேட்டார். ஒரு தடவை கறுப்பர் பேசும் ஆங்கிலத்தில். ஒரு தடவை மெக்சிகோ வழிவந்தவர் பேசும் ஆங்கிலத்தில்.

வெள்ளையர் அதிகம் வாழும் பகுதிகளில் முதல் குரலை 'வந்து வீட்டைப் பாருங்கள்' என்று கூப்பிட்டார்கள். மற்ற இரண்டு குரல்களுக்கும் அந்த அழைப்பு வெகுவாகக் குறைந்தது.

1999-ல் வெளியான ஆய்வு இது. 'ஹலோ' என்ற ஒற்றைச் சொல்லைக் கேட்டே பேசுகிறவர் எந்த இனம் என்று பெரும்பாலோர் சரியாகச் சொல்லிவிட்டார்கள் என்பதையும் அதே ஆய்வு காட்டியது.

ஒரே ஒரு ஹலோ! முகத்தைப் பார்க்கவில்லை. படிப்பைக் கேட்கவில்லை. கதவு சாத்தப்பட்டுவிட்டது.

ஆகவே உன் அச்சம் கற்பனை என்று நான் சொல்லமாட்டேன். உலகம் குரலைக் கேட்டு ஆளை எடைபோடுகிறது. அநியாயம்தான். ஆனால் உண்மை.

ஆனால் உனக்கு இதைவிடக் கசப்பான ஒன்றைச் சொல்ல வேண்டும். தாங்குவாயா?

1960-ல் கனடாவில் வாலஸ் லாம்பர்ட் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். இடம், மாண்ட்ரியால். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சேர்ந்து வாழும் நகரம். அன்றைக்கு நல்ல வேலையும் பணமும் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுகிறவர்களிடம்.

இரண்டு மொழியையும் சரளமாகப் பேசுகிறவர்களைப் பிடித்து, ஒரே பகுதியை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் வாசிக்கவைத்துப் பதிவு செய்தார்கள். பிறகு அதை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒரே ஆள்தான் இரண்டு தடவை வருகிறார் என்பது கேட்கிறவர்களுக்குத் தெரியாது.

"இந்தக் குரலுக்கு உரியவர் எவ்வளவு உயரம் இருப்பார்? அழகாக இருப்பாரா? புத்திசாலியா? நம்பத்தக்கவரா?"

ஆங்கில மாணவர்கள் ஆங்கிலக் குரலுக்கே அதிக மதிப்பெண் போட்டார்கள். அதில் ஆச்சரியம் இல்லை.

பிரெஞ்சு மாணவர்கள்?

அவர்களும் ஆங்கிலக் குரலுக்குத்தான் போட்டார்கள்! அதுமட்டுமா? தங்கள் சொந்த மொழிக் குரலை, ஆங்கில மாணவர்கள் தாழ்த்தியதைவிட இன்னும் கீழே தாழ்த்தினார்கள்.

திரும்பப் படி. எதிராளி போட்ட மதிப்பெண்ணைவிடக் குறைவான மதிப்பெண்ணைத் தனக்குத் தானே போட்டுக்கொண்டார்கள்!

இப்போது சொல். உன்னைப் பார்த்து முதலில் சிரித்தது யார்?

விடுதி அறைத் தோழனா? மனிதவள அதிகாரியா?

நீ! நீதான்! அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே நீ உன்னை நோக்கிச் சிரித்து முடித்துவிட்டாய். அவர்கள் சிரிப்பு ஒரு நிமிடம் இருந்திருக்கும். உன் சிரிப்பு ஆண்டுக்கணக்கில் உனக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருக்கிறது.

மாண்ட்ரியாலின் பிரெஞ்சுக்காரர்கள் அதோடு படுத்துவிட்டார்களா? இல்லை! அந்தச் சோதனை நடந்து இருபது ஆண்டுகூட ஆகவில்லை. 1977-ல் அவர்களுடைய கியூபெக் மாகாணம் சட்டம் போட்டது. அலுவலகத்தில் பிரெஞ்சு. தொழிற்சாலையில் பிரெஞ்சு. கடைப் பலகையில் பிரெஞ்சு.

தன்னைத் தானே தாழ்த்திக்கொண்ட அதே சமுதாயம்தான் எழுந்தது. அப்படியென்றால் உன்னால் ஏன் முடியாது?

"அது ஒரு மாகாணம் சார். நான் ஒத்த ஆளு."

சரி. ஒற்றை ஆளைப் பற்றியே பேசுவோம்.

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல் என்று ஒரு கரிசல்காட்டுக் கிராமம். அங்கே ஒரு விவசாயி. வீட்டில் தெலுங்கு. பள்ளிப்படிப்பைக்கூட முடிக்கவில்லை. உடம்பு நோயில் அடிபட்டது. முப்பது வயதைத் தாண்டித்தான் எழுத வந்தார்.

எந்தத் தமிழில் எழுதினார்? களத்துமேட்டில் பேசுகிற தமிழில்! பருத்திக்காட்டில், மாட்டுத்தொழுவத்தில், சாவு வீட்டில், ஊர்மடத்தில் புழங்குகிற தமிழில்!

அவர்தான் கி. ராஜநாராயணன்.

'இதெல்லாம் இலக்கியத் தமிழா?' என்று கேட்கப் புலவர்கள் இருந்தார்கள். அவர் வாயை மூடிக்கொண்டாரா? சொற்களைச் சேர்க்க ஆரம்பித்தார். ஆட்களைக் கூட்டினார், ஊர் ஊராகக் கேட்டார், 1982-ல் கரிசல் வட்டாரத்துக்கென்று ஒரு சொல்லகராதியையே கொண்டுவந்துவிட்டார்.

அகராதி போடுவது பண்டிதர் வேலை, பல்கலைக்கழகத்து வேலை என்று இருந்த நாட்டில் ஒரு சம்சாரி அதைச் செய்தார்!

அதன் பிறகு என்ன நடந்தது தெரியுமா? புதுவைப் பல்கலைக்கழகம் அவரைக் கூப்பிட்டுப் பேராசிரியர் நாற்காலி கொடுத்தது. 1991-ல் 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்கு சாகித்திய அகாடமி விருது. 2021-ல் அவர் மறைந்தபோது தமிழக அரசு இடைசெவலில் காவல்துறை மரியாதையோடு வழியனுப்பியது.

பள்ளிக்கூடம் முடிக்காதவரைப் பல்கலைக்கழகத்தில் ஏற்றியது எது? அந்தப் பேச்சு! நீ எதை மறைக்கிறாயோ அது!

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அதே இடைசெவலில் அவருக்கு ஒரு கூட்டாளி உண்டு, கு. அழகிரிசாமி. 1970-ல் அவருக்கும் சாகித்திய அகாடமி விருது. வரைபடத்தில் தேட வேண்டிய ஒரு கிராமம், இரண்டு விருது! 'எங்க ஊரு சின்ன ஊரு' என்று இனி என்னிடம் சொல்லாதே.

கொங்குப் பேச்சு கேலிக்குரியதா? ஆர். சண்முகசுந்தரம் 'நாகம்மாள்' நாவலில் அந்தப் பேச்சை அப்படியே வைத்தது 1942-ல். நாடு விடுதலை ஆவதற்கு முன்னாலேயே உன் பேச்சு நாவலில் ஏறிவிட்டது. நீ இன்னும் ஒரு கூட்டத்தில் ஏறத் தயங்குகிறாய்!

குமரிக் கடற்கரைத் தமிழ் புரியாதா? தோப்பில் முஹம்மது மீரான் பள்ளியில் மலையாளம் படித்தவர். கடலோர முஸ்லிம்கள் வீட்டுக்குள் பேசுகிற தமிழில் எழுதினார். 1997-ல் 'சாய்வு நாற்காலி'க்கு சாகித்திய அகாடமி விருது. புரியாதவர்கள் முயற்சி செய்து புரிந்துகொண்டார்கள்.

அதைக் கவனி. புரிந்துகொள்ள அவர்கள் முயற்சி செய்தார்கள். சரக்கு இருந்தால் எதிராளி உன் பக்கம் வருவான்.

'அவங்கல்லாம் எழுத்தாளருங்க. நான் மைக்குல பேசணும், வெள்ளக்காரங்கிட்டப் பேசணும்.' அடுத்த சாக்கு ரெடியாக வைத்திருக்கிறாய்!

2007 ஏப்ரல். பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரம். ஐரோப்பிய நாடாளுமன்றம். மேடையில் இந்தியக் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம்.

அவருடைய ஆங்கிலத்தை நீ கேட்டிருக்கிறாய். அதில் ராமேஸ்வரம் இருந்தது. எண்பது வயது வரை அந்தச் சாயல் போகவே இல்லை. விண்வெளி ஆராய்ச்சிக் கூடத்தில் போகவில்லை, ராஷ்டிரபதி பவனில் போகவில்லை. ஐரோப்பாவின் பல நாட்டு உறுப்பினர்களும் அந்த ஆங்கிலத்தைத்தான் கேட்டார்கள், கைதட்டினார்கள். நடுவில் கணியன் பூங்குன்றனாரைத் தமிழிலேயே சொல்லிக் காட்டினார்!

அவருக்கு எம்.டி.ஐ. இல்லையா? இருந்தது! ஒளித்து வைக்கவில்லை, அவ்வளவுதான்.

காமராஜரை எடுத்துக்கொள். விருதுநகர்ப் பேச்சு. அடுக்குமொழி கிடையாது, மேற்கோள் கிடையாது. ஏற்ற இறக்கம்கூடக் கிடையாது. படிப்போ பாதியில் நின்றது. அடுக்குமொழியில் அரங்கையே கட்டிப்போடும் பேச்சாளர்கள் தமிழகத்தில் கொடிகட்டிப் பறந்த காலம் அது. அவர்களுக்கு நடுவில் இந்த மனிதர் ஒன்பது ஆண்டு முதலமைச்சர். 1964-லும் 1966-லும் இந்தியாவுக்குப் பிரதமரைத் தேர்ந்தெடுக்கும் பேச்சுவார்த்தைகளில் நடுநாயகம்!

வடநாட்டுத் தலைவர்கள் அவருடைய உச்சரிப்பையா எண்ணிக்கொண்டிருந்தார்கள்? அவர் என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருந்தார்கள்.

நீ என்ன சொல்லப்போகிறாய்? அதைத் தயார் செய்திருக்கிறாயா?

இங்கேதான் உன்னைப் பிடிக்க வேண்டும். இங்கேதான் நீ நழுவுகிறாய்.

ஊர்ப் பேச்சைக் காரணம் காட்டுகிறாயே, உண்மையான காரணம் அதுதானா? நேற்று ராத்திரி அந்த அறிக்கையை முழுதாகப் படித்தாயா? கணக்கைப் போட்டுப் பார்த்தாயா? கேட்கக்கூடிய கேள்விகளை எழுதிவைத்தாயா?

தயாராக இல்லாதவன் நன்றாக ஒளிந்துகொள்ள இடம் தேடுகிறான். 'என் பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்கள்' என்பது வசதியான இடம். அங்கே ஒளிந்தால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். பரிதாபம்கூடக் கிடைக்கும்.

பரிதாபத்தை வைத்து என்ன செய்வாய்?

வெளியே வா!

இன்னும் ஒன்று. பேச்சின் சாயல் வேறு, தெளிவு வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

நீ கொங்கில் பேசு, நெல்லையில் பேசு. ஆனால் வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்காதே! நம் பிள்ளைகளில் பாதிப் பேரைக் கெடுப்பது இதுதான். தொடங்கும்போது சத்தம் இருக்கும், முடிக்கும்போது காற்றுதான் வரும். எதிரில் இருப்பவர் 'என்ன?' என்று கேட்பார். உடனே 'என் உச்சரிப்பு புரியவில்லை' என்று நினைத்துக் கூசிப்போவாய். அவருக்குப் புரியாமல் இல்லை. கேட்கவே இல்லை!

பயத்தில் வேகம் கூடுகிறது. வேகம் கூடினால் மூச்சு முட்டுகிறது. மூச்சு முட்டினால் சொல் உடைகிறது. முற்றுப்புள்ளி வைக்கிற இடத்தில் நிறுத்து. மூச்சை இழு. அந்த ஒரு நொடியில் யாரும் எழுந்து ஓடிவிடமாட்டார்கள்.

தினமும் காலையில் பத்து நிமிடம் செய்தித்தாளைச் சத்தம் போட்டுப் படி. தமிழும் படி, ஆங்கிலமும் படி. 'ழ' வரவில்லையா? பழகு. பழகினால் வரும். ஆங்கிலச் சொல்லில் எந்த அசையை அழுத்த வேண்டும் என்று தெரியவில்லையா? அகராதிச் செயலியில் காதால் கேள், திருப்பிச் சொல். இதற்கு வெட்கம் எதற்கு? இது உழைப்பு. உழைப்பில் உனக்கு எந்தக் குறையும் வந்ததில்லையே!

எதிராளிக்குப் புரியவேண்டும் என்பதற்காக ஒரு சொல்லைத் திருத்திக்கொள்வது மரியாதை. நீ எங்கிருந்து வந்தாய் என்று தெரியக்கூடாது என்பதற்காகத் திருத்துவது உன் அப்பன் ஆத்தாளை வாசலில் நிறுத்துவது. முதலாவதைச் செய். இரண்டாவதைச் செய்யாதே!

செல்போனில் உன் பேச்சைப் பதிவு செய். கேள்.

ஐயோ என்று ஆகிவிடும். 'இதுவா என் குரல்?' என்று அணைத்துவிடுவாய். அணைக்காதே! அது எல்லோருக்கும் நேர்வது. நீ பேசும்போது உன் குரல் காற்றின் வழியாக மட்டும் உன் காதுக்கு வருவதில்லை, மண்டையோட்டு எலும்பின் வழியாகவும் வருகிறது. எலும்பு கனத்த ஒலியைக் கூட்டிக் கொடுக்கிறது. பதிவில் அந்தக் கனம் இருக்காது. மெலிந்து கேட்கும், அந்நியமாகக் கேட்கும்.

அறிவிப்பாளருக்கும் அப்படித்தான். பாடகருக்கும் அப்படித்தான். அவர்கள் கேட்டுக் கேட்டுப் பழகினார்கள். நீ ஒரு தடவை கேட்டுவிட்டு ஓடிவிட்டாய். வித்தியாசம் அவ்வளவுதான்!

என் குரலே ஒரு மாதிரி, ஆம்பளைக் குரல் என்கிறார்கள் என்று கலங்கும் தங்கையே, பாடகி உஷா உதுப்பைத் தெரியும்தானே? சிறுவயதில் பள்ளிப் பாட்டு வகுப்பில் இந்தக் குரலுக்கு இடம் இல்லை என்று வெளியே அனுப்பினார்கள். 1969-ல் சென்னை மவுண்ட் ரோடில் ஒரு இரவு விடுதியில், பட்டுப்புடவையும் பூவும் பொட்டுமாக மேடையேறினார் அந்தப் பெண். அதே கனத்த குரல். யாருக்காகவும் மெலிய வைக்கவில்லை.

2024-ல் பத்மபூஷண். இன்னும் பாடிக்கொண்டிருக்கிறார்!

அந்தப் பாட்டு வகுப்பில் நல்ல குரல் என்று உள்ளே உட்காரவைக்கப்பட்டவர்கள் யார் யார்? யாருக்காவது தெரியுமா?

ஒரு வேடிக்கையான வழக்கம் உலகத்துக்கு உண்டு. இன்றைக்குச் சிரிக்கும், நாளைக்கு அதையே கேட்க வரிசையில் நிற்கும்.

1941-ல் பி.பி.சி. வானொலியில் வில்ஃப்ரெட் பிக்கிள்ஸ் என்பவர் செய்தி வாசிக்க வந்தார். ஹாலிஃபாக்ஸ் ஊர்க்காரர். வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயர்ப் பேச்சு. போர்க்காலம் அது. லண்டன் மேட்டுக்குடிக் குரலைப் போலிசெய்து ஜெர்மானியர்கள் பொய்ச்செய்தி பரப்பலாம், இந்தக் குரலைப் போலிசெய்வது கடினம் என்பதும் அவரைக் கொண்டுவந்ததற்கு ஒரு காரணம்.

நாடு கொதித்தது! இப்படிப் பேசுகிறவன் வாசித்தால் செய்தியை எப்படி நம்புவது என்று கேட்டார்கள். கேலிச்சித்திரம் போட்டார்கள். குண்டு விழுந்துகொண்டிருக்கிற நாட்டில் உச்சரிப்புக்குச் சண்டை!

அவர் செய்தி அறையை விட்டு வெளியே வந்தார். வானொலியை விடவில்லை. 1946-ல் ஒரு நிகழ்ச்சி தொடங்கினார். ஊர் ஊராகப் போவார், சாதாரண சனங்களைப் பேசவைப்பார், அதே யார்க்‌ஷயர்ப் பேச்சில். 1967 வரை அது ஓடியது. இருபத்தோரு வருடம்! கோடிக்கணக்கானோர் காத்திருந்து கேட்டார்கள்.

நம்மிடமும் இதே கதைதான். 1970-களில் தமிழ்நாட்டு வீடுகளில் இலங்கை வானொலியைத் திருப்பிவைத்து அறிவிப்பாளர்கள் கே.எஸ். ராஜாவையும் பி.எச். அப்துல் ஹமீதையும் ஆசையாசையாகக் கேட்டோம். அந்தத் தமிழுக்கு உருகினோம். மதுரை வடிவேலு பேசிய பேச்சை இன்று தமிழ்நாட்டில் எந்த மாவட்டத்துக்காரன் பேசாமல் இருக்கிறான்? கோவை சரளா ஊரைப் பெயரிலேயே மாட்டிக்கொண்டு வந்தார், கொங்குப் பேச்சை விடவில்லை, நிலைத்து நின்றார்.

ஆனால் சினிமாவிடம் எனக்கு ஒரு வழக்கு உண்டு. ஊர்ப்பேச்சைச் சிரிக்கவைக்கக் கூப்பிடுகிறது, அடிக்க ஆள் வேண்டும் என்றால் கூப்பிடுகிறது. மருத்துவராகவும் விஞ்ஞானியாகவும் நீதிபதியாகவும் வருகிறவருக்கு மட்டும் ஊரே இல்லாத ஒரு பேச்சைக் கொடுத்துவிடுகிறது. சென்னைக் குப்பத்துப் பேச்சுக்கு அது செய்தது பெரிய துரோகம். உழைக்கிற சனங்களின் பேச்சு அது. மூட்டை தூக்கிய, கட்டுமரம் தள்ளிய, ரிக்‌ஷா மிதித்த மனிதர்களின் பேச்சு. அதை ரவுடிக்கு என்று ஒதுக்கிவைத்தார்கள். அந்தச் சிரிப்பு சொல்லைப் பார்த்து வந்ததில்லை. சேரியைப் பார்த்து வந்தது. சாதியைப் பார்த்து வந்தது.

இதை நேராகச் சொல்லத்தான் வேண்டும். எந்த ஊர் என்று கேட்கிறவர்களில் சிலர், எந்தத் தெரு என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார்கள். அவர்களுக்குக் கூசி ஒடுங்கிப் பதில் சொல்லாதே. நிமிர்ந்து சொல்!

இப்போது உன்னிடம் ஒரு கேள்வி. தப்பிக்கப் பார்க்காதே.

நீ யாரைப் பார்த்துச் சிரிக்கிறாய்?

பரோட்டாக் கடையில் வேலை பார்க்கும் பீகார்ப் பையன் தமிழ் பேசும்போது நீ சிரிக்கவில்லையா? அவன் உன் மொழியைக் கற்றுக்கொண்டு பேசுகிறான். நீ அவன் மொழியில் தண்ணீர் கேட்பாயா?

கல்லூரி விழாவுக்கு அம்மா வருகிறேன் என்றபோது 'வேணாம்மா, நீ எதுக்கு அலையுற' என்றாயே. அலைச்சலுக்காகவா சொன்னாய்? தோழிகள் முன்னால் அவர் பேசிவிடுவார் என்றுதானே!

வீட்டிலிருந்து போன் வந்தால் எழுந்து படிக்கட்டுக்கு ஓடுகிறாயே, எதற்கு?

இது சின்ன விஷயம் இல்லை. பேச்சைக் கேட்டு ஆளைப் பிரிக்கும் பழக்கம் எங்கே போய் முடியும் என்று தெரியுமா? 1983 ஜூலையில் தமிழரைத் தேடித் தாக்கிய கலவரக் கும்பல்கள் கொழும்புத் தெருக்களில் வழிமறித்து ஒரு சிங்களச் சொல்லைச் சொல்லச் சொன்னார்கள். உச்சரிப்பு பிசகினால் தமிழன். அதற்குப் பிறகு நடந்ததைத் தப்பி வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அப்படித் தப்பி நம் கரைக்கு வந்த பிள்ளைகளை நம் பள்ளிக்கூடங்களில் என்ன செய்தோம்? அவர்கள் பேசிய தமிழைச் சொல்லிக்காட்டிச் சிரித்தோம்!

உன்மீது விழுந்த சிரிப்பை இன்னொருவன்மீது எறியாதே. அதை உன்னோடு நிறுத்து. அதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும். உனக்கு அது உண்டு.

'இலக்கணம் என்று ஒன்று இருக்கிறதே, சரியான தமிழ் என்று ஒன்று இருக்கிறதே' என்று யாராவது உன்னை மிரட்டினால் தொல்காப்பியத்தைக் காட்டு. செய்யுளுக்கு உரிய சொல் நான்கு வகை என்றவர் தொல்காப்பியர். அதில் ஒன்று திசைச்சொல். பல நிலத்து மக்களும் தத்தம் ஊரில் வழங்குகிற சொல்லுக்குச் செய்யுளிலேயே இடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். விடுதி அறையில் இடம் இல்லை என்று சொல்ல இவர்கள் யார்?

நாளை பத்து மணிக்கு நேர்முகம். தெரியும். வயிற்றைப் பிசைகிறது. அதுவும் தெரியும்.

பிசையட்டும்! பயம் இல்லாதவர்கள்தான் பேச வேண்டும் என்றால் உலகத்தில் எவனும் பேசியிருக்க மாட்டான். கை நடுங்கினால் மேசையில் வை. நாக்கு உலர்ந்தால் தண்ணீர் கேள். வார்த்தை தடுமாறினால் நிறுத்து, மறுபடி முதலிலிருந்து சொல். தேர்வு ஆகவில்லையா? மறுநாள் இன்னொரு கதவைத் தட்டு. உன் ஊரில் மழை பொய்த்த வருடம் உன் அப்பா விதைக்காமல் விட்டாரா?

உள்ளே போ. நாற்காலியை நன்றாக இழுத்துப் போட்டு உட்கார்.

முதல் கேள்வி அநேகமாக 'எந்த ஊர்?' என்றுதான் வரும்.

'மதுரை பக்கம்' என்று இழுக்காதே. 'சேலம் பக்கம்', 'திருச்சி பக்கத்துல ஒரு ஊர்' என்று மழுப்பாதே. உன் ஊருக்குப் பெயர் இல்லையா? அந்தப் பெயரைச் சொல். அவர் கேள்விப்படாத ஊர் என்றால் இன்றைக்குக் கேள்விப்படட்டும்!

உனக்கு என்ன வேலை தெரியும் என்று சொல். எதைச் செய்து காட்டினாய் என்று சொல். கடைசிச் சொல் வரை சத்தம் குறையாமல் சொல்.

எல்லாம் முடிந்து 'நீங்க ஏதாவது கேக்கணுமா?' என்பார்கள். இதுவரை அந்த இடத்தில் தலையை ஆட்டிவிட்டு எழுந்து வந்திருக்கிறாய்.

நாளைக்கு எழுந்திருக்காதே. சம்பளம் எவ்வளவு என்று கேள்!